பைத்தான் ப்ராஜெக்ட்டில் கான்ஃபிக் ஃபைலை எங்கே வைப்பது, எப்படி லோட் செய்வது?

செம்பருத்தி (கேள்வி)

வணக்கம். பைத்தான் 3.11-இல் ஒரு ப்ராஜெக்ட். ஒரு வெப் சர்வீஸ், இரவில் கிரான் (குறித்த நேரத்தில் ப்ரோக்ராமை ஓட்டும் லினக்ஸ் வசதி) வழியாக ஓடும் ஒரு ரிப்போர்ட் ஜாப் என்று இரண்டு பகுதிகள். இரண்டுக்கும் ஒரே செட்டிங்ஸ்தான்: டேட்டாபேஸ் முகவரி, மெயில் சர்வர், டைம்அவுட், டீபக் (பிழை தேடும் நிலை) வேண்டுமா வேண்டாமா என ஏறத்தாழ நாற்பது மதிப்புகள். மாட்யூலில் மாறிலிகளாக இருந்தவற்றை வெளியே ஒரு ஃபைலுக்கு மாற்றியிருக்கிறோம். சர்வர் லினக்ஸ்; டெவலப்பர்களில் சிலர் விண்டோஸ்.

இப்போது ஃபைல் யாம்ல் வடிவத்தில் இருக்கிறது. தேவைப்படும் ஒவ்வொரு மாட்யூலும் வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்துத் தானே திறந்து படித்துக்கொள்கிறது. ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று ஓட்டினால் சரியாக ஓடுகிறது. கிரானிலும் சிஸ்டம்டியிலும் (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) ஓட்டினால் ஃபைலைக் காணோம் என்று நின்றுவிடுகிறது.

டீபக்கை அணைக்க என்விரான்மென்ட் வேரியபிளில் (ப்ரோக்ராமுக்கு வெளியிலிருந்து பெயரும் மதிப்புமாகக் கொடுப்பது) ஃபால்ஸ் என்று கொடுத்தாலும் டீபக் அணைவதில்லை. ப்ரொடக்‌ஷனுக்கான இரண்டாவது ஃபைலில் டேட்டாபேஸ் ஹோஸ்ட்டை மட்டும் மாற்றி எழுதினால், முதல் ஃபைலில் இருந்த போர்ட்டும் பயனர் பெயரும் காணாமல் போகின்றன. இரண்டு ஃபைல்களையும் டிக்‌ஷனரியின் அப்டேட் மெத்தடால் சேர்க்கிறோம்.

யாம்லிலேயே தொடரலாமா, டோம்ல், ஜேசன் போன்ற வேறு ஃபைல் வடிவத்துக்குப் போகலாமா? பாஸ்வேர்டு எங்கே இருக்க வேண்டும்? மொத்தத்தில் இதற்கு ஒழுங்கான அமைப்பு என்ன?

---

கல்தச்சன்

மூன்று சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். செட்டிங்ஸைப் படிக்கும் வேலை ப்ராஜெக்ட் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அதை ஒரே மாட்யூலுக்குள் கொண்டுவாருங்கள். அந்த மாட்யூல் ப்ரோக்ராம் தொடங்கும்போது ஒரே ஒரு முறை படிக்கட்டும், சரிபார்க்கட்டும், மாற்ற முடியாத ஒரு ஆப்ஜெக்ட்டாகத் திருப்பித் தரட்டும். மற்ற எந்த மாட்யூலுக்கும் ஃபைல் பெயரும் தெரியக்கூடாது, என்விரான்மென்ட் வேரியபிளும் தெரியக்கூடாது. இது நடந்துவிட்டால் மிச்சமெல்லாம் சின்னச் சின்னத் திருத்தங்கள்தான்.

முதலில் பாதை. வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்துத் திறந்தால், ப்ராசஸ் அப்போது நிற்கும் ஃபோல்டரில்தான் தேடும். சிஸ்டம்டியின் சிஸ்டம் சர்வீஸ்கள் வேறெதுவும் சொல்லாவிட்டால் ரூட் ஃபோல்டரில், அதாவது வெறும் சாய்கோட்டில் தொடங்குகின்றன. கிரான் ஜாப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் தொடங்குகிறது. இரண்டு இடத்திலும் உங்கள் ஃபைல் இல்லை. சிஸ்டம்டி யூனிட்டில் வொர்க்கிங்டைரக்டரி என்ற வரியைச் சேர்த்தால் அந்தச் சர்வீஸ் ஓடும். ஆனால் அடுத்து வேறு யாராவது வேறு இடத்திலிருந்து ஓட்டும்போது அதே பிழை வரும். அதனால் தேடும் வரிசையைக் கோடிலேயே தெளிவாக வைத்துவிடுங்கள்:

1. கமாண்ட் லைனில் --கான்ஃபிக் என்று பாதை கொடுத்திருந்தால் அது.
2. இல்லையென்றால், ஆப்_கான்ஃபிக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் உள்ள பாதை.
3. அதுவும் இல்லையென்றால், சர்வரில் /ஈடிசி/ஆப்/ ஃபோல்டரில் உள்ள ஃபைல்.
4. கடைசியாக, டெவலப்பர் வசதிக்காக, ப்ராஜெக்ட் ஃபோல்டரில் உள்ள ஃபைல். இந்தப் பாதையை __ஃபைல்__ மாறியிலிருந்து (கோட் ஃபைல் இருக்கும் பாதை அதில் இருக்கும்) பாத்லிப் என்ற பைத்தான் மாட்யூல் வழியாகக் கணக்கிடுங்கள். நிற்கும் ஃபோல்டரை நம்ப வேண்டாம்.

முதல் இரண்டில் ஒன்றைப் பயனர் வெளிப்படையாகக் கொடுத்து, அந்த ஃபைல் இல்லாவிட்டால் அங்கேயே பிழையோடு நில்லுங்கள். பேசாமல் அடுத்த இடத்துக்குத் தாவினால், தட்டச்சுப் பிழையுள்ள ஒரு பாதைக்கு வேறொரு ஃபைல் லோட் ஆகிவிடும்; அதைக் கண்டுபிடிக்க நாள் கணக்கில் ஆகலாம். கண்டெடுத்த ஃபைலின் முழுப் பாதையைத் தொடக்கத்திலேயே லாகில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். "எந்த ஃபைலைப் படிக்கிறது?" என்ற கேள்விதான் இந்த விஷயத்தில் அதிக நேரத்தைத் தின்பது.

அடுத்து அடுக்கு. கோடில் உள்ள டீஃபால்ட் மதிப்பு எல்லாவற்றுக்கும் அடியில். அதன் மேல் பொது ஃபைல். அதன் மேல் அந்த இடத்துக்கான ஃபைல். அதன் மேல் என்விரான்மென்ட் வேரியபிள். எல்லாவற்றுக்கும் மேல் கமாண்ட் லைன். மேலே உள்ளது கீழே உள்ளதை வெல்லும். உங்கள் போர்ட் காணாமல் போவதற்குக் காரணம், அப்டேட் மெத்தட் மேல் மட்டத்துக் கீயை மட்டும் பார்க்கிறது. டேட்டாபேஸ் என்ற கீயின் மதிப்பு ஒரு டிக்‌ஷனரி. அதை முழுதாகத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கிறது. உள்ளே இறங்கிச் சேர்க்க வேண்டும்:

    சேர்(அடி, மேல்):
        விடை = அடியின் நகல்
        மேலில் உள்ள ஒவ்வொரு கீ, மதிப்புக்கும்:
            இரண்டு பக்கமும் டிக்‌ஷனரியாக இருந்தால்:
                விடை[கீ] = சேர்(விடை[கீ], மதிப்பு)
            இல்லாவிட்டால்:
                விடை[கீ] = மதிப்பு
        விடையைத் திருப்பு

லிஸ்ட்டுகளைச் சேர்க்காதீர்கள், மேலே உள்ள லிஸ்ட் கீழே உள்ளதை முழுதாக மாற்றட்டும். லிஸ்ட்டுகளை ஒட்டினால், அடியில் உள்ள ஒன்றை மேலிருந்து நீக்கவே வழியிருக்காது.

டீபக் விஷயம்: என்விரான்மென்ட் வேரியபிளில் இருப்பது எப்போதும் ஸ்ட்ரிங்தான். காலியில்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு உண்மை. ஃபால்ஸ் என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லும் காலியில்லாத ஸ்ட்ரிங், 0 என்ற ஓரெழுத்தும் அப்படியே. பூல் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் ட்ரூ என்றுதான் வரும். ஏற்கும் சொற்களைப் பட்டியலாக வைத்து (ட்ரூ, யெஸ், ஆன், 1 ஒரு பக்கம், ஃபால்ஸ், நோ, ஆஃப், 0 மறுபக்கம்), சிறிய எழுத்தாக்கி ஒப்பிடுங்கள். இரண்டிலும் இல்லாததற்குப் பிழை எழுப்புங்கள். "தெரியாததெல்லாம் ஃபால்ஸ்" என்று வைத்துவிட்டால், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ஒரு செட்டிங் தட்டச்சுப் பிழையால் அணைந்துபோகும்.

சரிபார்க்கும் வேலைக்குப் பைடான்டிக் (மதிப்புகளின் டைப்பைச் சரிபார்க்கும் லைப்ரரி) போதும். பதிப்பு 2 வந்தபோது செட்டிங்ஸ் பகுதியைப் பைடான்டிக்-செட்டிங்ஸ் என்று தனிப் பேக்கேஜாகப் பிரித்துவிட்டார்கள், அதைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். உள்ளடங்கிய கீகளுக்கு இரட்டை அடிக்கோட்டைப் பிரிப்பானாக வையுங்கள்: ஆப்_டேட்டாபேஸ்__ஹோஸ்ட் என்ற வேரியபிள் டேட்டாபேஸுக்குள் உள்ள ஹோஸ்ட்டுக்குப் போகும். புள்ளியைப் பிரிப்பானாக வைக்க முடியாது. ஷெல்லில் வேரியபிள் பெயருக்குள் புள்ளி வரக்கூடாது.

தெரியாத கீ வந்தால் மறுக்கும்படி வையுங்கள். டைம்அவுட் என்பதை ஓர் எழுத்து மாற்றி எழுதினால், மறுக்காத ப்ரோக்ராம் அதை ஒதுக்கிவிட்டு டீஃபால்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஃபைலைத் திறந்து பார்ப்பவருக்கோ எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். கீயின் பெயரிலேயே அலகையும் எழுதிவிடுங்கள்: டைம்அவுட்_செகண்ட்ஸ், மேக்ஸ்_சைஸ்_எம்பி. டைம்அவுட் = 30 என்றால் நொடியா, மில்லிநொடியா என்று கோடைத் தேடிப் போகும் நிலை வரக்கூடாது.

---

நீர்மட்டம்

வடிவம் பற்றி மட்டும் எழுதறேன். பைத்தான் 3.11 இருக்குன்னா யோசிக்கவே வேண்டாம், டோம்ல் எடுங்க. 3.11-லிருந்து டோம்ல்லிப் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே வந்துடுச்சு, எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதில்லை. படிக்க மட்டும்தான் அது, எழுதாது. கான்ஃபிக் ஃபைலை மனுஷங்க எழுதணும், ப்ரோக்ராம் படிக்கணும். அதனால இது குறையே இல்ல. ஃபைலை பைனரி மோடில், அதாவது ஆர்பி-ன்னு கொடுத்துத் திறங்க. டெக்ஸ்ட் மோடில் திறந்தா டைப்எரர் வரும். டோம்ல் எப்பவும் யுடிஎஃப்-8தான், அதை லைப்ரரி தானே பார்த்துக்கும்.

யாம்லை ஏன் வேண்டாம்கிறேன்னா, பையாம்ல் (யாம்லைப் படிக்கிற பைத்தான் லைப்ரரி) இன்னும் யாம்ல் 1.1 விதிகளைத்தான் பின்பற்றுது. மேற்கோள் போடாம எழுதினா என்னென்ன ஆகும்னு பாருங்க:

- நாட்டுக் குறியீடு லிஸ்ட்டில் நார்வேக்கு என், ஓ-ன்னு எழுதினா ஃபால்ஸ் ஆயிடும். யெஸ், ஆன், ஆஃப் எல்லாமே பூலியன்தான்.
- பதிப்பு எண் 3.10-ன்னு எழுதினா அது தசம எண், 3.1 ஆயிடும்.
- ஃபைல் பர்மிஷன் 0755-ன்னு எழுதினா எட்டடிமான எண்ணா எடுத்துக்கிட்டு 493-ன்னு தரும்.
- 22:22-ன்னு எழுதினா அறுபதடிமான எண்ணா நினைச்சு 1342-ன்னு தரும். டாக்கரில் (ப்ரோக்ராமைத் தனி கன்டெய்னரில் ஓட்டற கருவி) போர்ட் எழுதறவங்க இதில் மாட்டுவாங்க.

யாம்ல் 1.2 விவரக்குறிப்பு 2009-லேயே வந்து இதில் பலதைச் சரிசெஞ்சிருக்கு, ஆனா நீங்க பயன்படுத்தற லைப்ரரி எதைப் பின்பற்றுதுங்கறதுதான் கணக்கு. யாம்லிலேயே இருக்கணும்னா ஸ்ட்ரிங் எல்லாத்துக்கும் மேற்கோள் போடுங்க. சேஃப்_லோட் மட்டும்தான் அழைக்கணும். அன்சேஃப் லோடரைக் கொடுத்தா, ஃபைலில் எழுதி வெச்ச பைத்தான் ஃபங்ஷனைக்கூட அது ஓட்டிடும்.

ஜேசனில் கமென்ட் எழுத முடியாது, கடைசிக் கமா விட்டா பிழை. மெஷின் எழுதி மெஷின் படிக்க நல்லது. ஒருத்தர் உட்கார்ந்து "இந்த மதிப்பு ஏன் 45?"-ன்னு பக்கத்தில் குறிப்பு எழுத வேண்டிய ஃபைலுக்குச் சரிவராது.

ஐஎன்ஐ ஃபைலைப் படிக்கிற கான்ஃபிக்பார்ஸர் பழசு, நம்பகமானது, ஆனா நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும். எல்லா மதிப்பும் ஸ்ட்ரிங். எண் வேணும்னா கெட்இன்ட், பூலியன் வேணும்னா கெட்பூலியன் அழைக்கணும். கீ பெயரையெல்லாம் சின்ன எழுத்தா மாத்திடும். பாஸ்வேர்டில் சதவீதக் குறி இருந்தா இன்டர்பொலேஷன் (ஒரு மதிப்புக்குள்ள இன்னொண்ணைச் செருகறது) பிழை வரும், இன்டர்பொலேஷன் = நன்-ன்னு கொடுக்கணும். ரீட் மெத்தடுக்குக் கொடுத்த ஃபைல் இல்லாட்டி பிழையே எழுப்பாது! படிச்ச ஃபைல்களோட லிஸ்ட்டைத் திருப்பித் தரும், அது காலியான்னு நீங்கதான் பார்க்கணும்.

இன்னொரு வித்தியாசம், இது நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஒரே கீயை ரெண்டு தடவை எழுதினா, பைத்தானில் ஜேசனும் பையாம்லும் சத்தமில்லாம கடைசியை எடுத்துக்கும். டோம்ல்லிப் பிழை சொல்லும். கான்ஃபிக்பார்ஸரும் டீஃபால்ட்டா சொல்லும். நாற்பது வரி ஃபைலில் இது சாதாரணமா நடக்கற தப்பு, பிழை சொல்ற வடிவம்தான் நல்லது.

டோம்லில் ஒரு பொறி இருக்கு. பிரிவுத் தலைப்புக்குக் கீழ எழுதறது எல்லாம் அந்தப் பிரிவுக்குள்ள போயிடும், நடுவில் காலி வரி விட்டாலும் சரி. பிரிவில்லாத பொதுக் கீகளை ஃபைலோட தலையில், முதல் சதுர அடைப்புக்கு முன்னாடியே எழுதிடுங்க:

    டீபக் = ஃபால்ஸ்
    லாக்_லெவல் = "இன்ஃபோ"

    [டேட்டாபேஸ்]
    ஹோஸ்ட் = "127.0.0.1"
    போர்ட் = 5432
    டைம்அவுட்_செகண்ட்ஸ் = 10

    [மெயில்]
    ஹோஸ்ட் = "127.0.0.1"
    போர்ட் = 587

இங்க வாசிக்கறதுக்காகத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கேன். ஃபைலில் கீகள் ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்: டோம்ல் 1.0-ல் மேற்கோள் இல்லாத கீயில் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு, சிறுகோடு மட்டும்தான் வரலாம். பூலியனும் முழுக்கச் சின்ன எழுத்தில்தான் இருக்கணும். டோம்லில் நல் (மதிப்பே இல்லைன்னு சொல்ற குறி) கிடையாது. "இல்லை"ன்னு சொல்லணும்னா அந்தக் கீயை எழுதாம விடுறதுதான் வழி.

---

ஒளியாண்டு

பாஸ்வேர்டு பற்றி.

கிட்டில் (கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) இருக்கும் எந்த ஃபைலிலும் பாஸ்வேர்டு இருக்கக்கூடாது. ரெப்போ பிரைவேட்டாக இருந்தாலும் கூடாது. பொது ஃபைலில் அந்தக் கீயே வேண்டாம். கோடில் அதற்கு டீஃபால்ட்டும் வேண்டாம். கொடுக்காவிட்டால் ப்ரோக்ராம் தொடங்கவே கூடாது. புதிதாக வருபவருக்கு வழிகாட்ட, எல்லாக் கீகளும் போலி மதிப்புகளுமாக ஒரு மாதிரி ஃபைலை மட்டும் கிட்டில் வையுங்கள். உண்மையான ஃபைலின் பெயரை முதல் கமிட்டுக்கு முன்பே கிட்இக்னோரில் (கிட் கவனிக்காமல் விட வேண்டிய ஃபைல்களின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கமிட் ஆகியிருந்தால் கிட்இக்னோரில் சேர்ப்பதால் பயன் இல்லை, கிட் அந்த ஃபைலைத் தொடர்ந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கும். கேஷ்ட் என்ற ஆப்ஷனோடு கிட் ஆர்எம் கொடுத்து விலக்க வேண்டும். விலக்கிய பிறகும் பழைய கமிட்டுகளில் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். எனவே வரிசை இது: முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு ஃபைலை விலக்குங்கள், வரலாற்றைத் திருத்துவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசியுங்கள். வெளியே போன பாஸ்வேர்டுக்கு மாற்றுவது ஒன்றுதான் மருந்து.

சர்வரில் இரண்டு வழி. தனி ஃபைலில் வைத்து, சர்வீஸ் ஓடும் பயனருக்கு உரிமையாக்கி, பர்மிஷனை 600 ஆக்குவது ஒன்று. என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுப்பது இன்னொன்று. என்விரான்மென்ட் என்றாலே பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். லினக்ஸில் அதே பயனரும் ரூட்டும் ப்ராக் ஃபைல் சிஸ்டம் (ஓடும் ப்ராசஸ்களின் விவரத்தை ஃபைல்களாகக் காட்டுவது) வழியாக ஒரு ப்ராசஸின் வேரியபிள்களைப் படிக்கலாம். அந்த ப்ராசஸ் தொடங்கும் ஒவ்வொரு சைல்டு ப்ராசஸுக்கும் அவை கூடவே போகும். டாக்கரில் கன்டெய்னரை இன்ஸ்பெக்ட் செய்தால் அப்படியே தெரியும். டாக்கர்ஃபைலில் என்வ் வரியாக எழுதினால் இமேஜிலேயே பதிந்துவிடும், அதைச் செய்யவே செய்யாதீர்கள். டாக்கர் சீக்ரெட்ஸ் /ரன்/சீக்ரெட்ஸ் ஃபோல்டரில் ஃபைலாக வருகிறது. சிஸ்டம்டியில் 247-ஆம் பதிப்பிலிருந்து லோட்கிரெடென்ஷியல் இருக்கிறது. அதுவும் ஃபைலாகத்தான் தருகிறது. அதனால் "பாஸ்வேர்டு" என்ற கீயோடு "பாஸ்வேர்டு_ஃபைல்" என்ற கீயையும் உங்கள் ப்ரோக்ராம் ஏற்கட்டும். ஃபைலிலிருந்து படிக்கும்போது கடைசியில் உள்ள நியூலைனை நீக்க மறக்காதீர்கள். எடிட்டர் சேர்த்த அந்த ஓர் எழுத்தால் "பாஸ்வேர்டு தவறு" என்று வரும், கண்ணுக்கும் தெரியாது.

டாட்-என்வ் ஃபைல் (என்விரான்மென்ட் வேரியபிள்களை வரி வரியாக எழுதி வைப்பது) டெவலப்பர் மெஷினுக்கு வசதி. பைத்தான்-டாட்என்வ் லைப்ரரி, ஏற்கெனவே என்விரான்மென்ட்டில் இருக்கும் வேரியபிளை டீஃபால்ட்டாக மாற்றாது. "ஃபைலில் மாற்றினேன், ப்ரோக்ராமில் பழைய மதிப்பே வருகிறது" என்றால் பெரும்பாலும் ஷெல்லில் அதே பெயரில் எக்ஸ்போர்ட் செய்த வேரியபிள் கிடக்கும். இன்னொன்று: அதே ஃபைலைச் சிஸ்டம்டியின் என்விரான்மென்ட்ஃபைல் வரிக்கும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், வரியின் தொடக்கத்தில் எக்ஸ்போர்ட் என்ற சொல் இருக்கக்கூடாது. அது ஷெல் அல்ல. வேரியபிளை விரித்தெழுதுவது போன்ற ஷெல் வேலைகள் அங்கே நடக்காது. கிரானும் உங்கள் பாஷ்ஆர்சி ஃபைலைப் படிப்பதில்லை, அங்கே எழுதி வைத்த வேரியபிள் இரவு ஜாபுக்குக் கிடைக்காது.

லாகில் செட்டிங்ஸ் முழுவதையும் அச்சிடுபவர்கள் கவனியுங்கள். பைடான்டிக்கில் ரகசிய மதிப்புகளுக்கு சீக்ரெட்ஸ்டிரிங் டைப்பைப் பயன்படுத்தினால் அச்சிடும்போது நட்சத்திரக் குறிகளாக வரும். ஆனால் சரிபார்ப்புப் பிழைச் செய்தியில், தவறிய உள்ளீட்டு மதிப்பை அது காட்டும். ஹைட்_இன்புட்_இன்_எரர்ஸ் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கிவிடுங்கள்.

---

செம்பருத்தி

மூவருக்கும் நன்றி. டோம்லுக்கு மாறுகிறோம். லோட் செய்யும் ஃபங்ஷனை ஒரே மாட்யூலில் எழுதி, அந்த மாட்யூலை இம்போர்ட் செய்தவுடன் படிக்கும்படி வைத்தோம். இப்போது டெஸ்ட்டுகள் சிக்குகின்றன. டெஸ்ட் தன் மதிப்பை வைப்பதற்கு முன்பே இம்போர்ட்டில் உண்மையான ஃபைல் படிக்கப்பட்டுவிடுகிறது. சர்வீஸை நிறுத்தாமல் லாக் லெவலை மட்டும் மாற்றவும் ஒரு வழி வேண்டும்.

---

கல்தச்சன்

இம்போர்ட்டில் எதையும் படிக்காதீர்கள். மாட்யூலில் ஃபங்ஷன் மட்டும் இருக்கட்டும். மெயின் ஃபங்ஷனின் முதல் வேலையாக அதை அழையுங்கள். கிடைத்த ஆப்ஜெக்ட்டைத் தேவைப்படும் கிளாஸ்களுக்கு ஆர்குமென்ட்டாகக் கொடுங்கள். மெயில் அனுப்பும் கிளாஸுக்கு மெயில் பிரிவு மட்டும் போதும், மொத்தத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. அப்படி எழுதினால் டெஸ்ட்டில் ஃபைலே தேவைப்படாது. வேண்டிய மதிப்புகளோடு அந்தச் சிறு ஆப்ஜெக்ட்டை நேராக உருவாக்கிக் கொடுத்துவிடலாம். லோடர் ஃபங்ஷனுக்கு மட்டும் தனி டெஸ்ட் எழுதுங்கள்: பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியின் டிஎம்பி_பாத் தரும் தற்காலிக ஃபோல்டரில் ஒரு ஃபைலை எழுதி, மங்கிபேட்சின் செட்என்வ் வழியாக வேரியபிளை வைத்து, எது வெல்கிறது என்று பாருங்கள். செட்என்வ் டெஸ்ட் முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். ஓஎஸ் மாட்யூலின் என்விரானில் நேராக எழுதினால் அடுத்த டெஸ்ட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கோட் எல்லா இடத்திலும் குளோபலாக எதிர்பார்க்கிறது, உடனே மாற்ற முடியாது என்றால், கெட்_செட்டிங்ஸ் என்ற ஃபங்ஷனுக்கு எல்ஆர்யூ_கேஷ் (முதல் விடையை நினைவில் வைத்துக்கொள்வது) போட்டு இடைக்காலமாகப் பயன்படுத்துங்கள். முதல் அழைப்பில்தான் படிக்கும். டெஸ்ட்டுகளுக்கு இடையில் கேஷ்_கிளியர் அழைக்க வேண்டும்.

ஓடும்போது மாற்றுவது பற்றி: பெரும்பாலான செட்டிங்குகளுக்கு ரீஸ்டார்ட்தான் நேர்மையான வழி. டேட்டாபேஸ் ஹோஸ்ட் பாதியில் மாறினால், திறந்திருக்கும் கனெக்‌ஷன்கள் பழைய இடத்திலும் புதியவை புதிய இடத்திலும் இருக்கும். லாக் லெவல் போன்ற ஒன்றிரண்டை மட்டும் சிக்ஹப் சிக்னலுக்கு (ஓடும் ப்ராசஸுக்கு வெளியிலிருந்து அனுப்பும் குறிப்பு) மறுபடி படிக்கலாம். சிக்னல் ஹேண்ட்லருக்குள் ஒரு கொடியை மட்டும் உயர்த்துங்கள், படிக்கும் வேலையை மெயின் லூப்பில் செய்யுங்கள். புதிய ஃபைலை முழுதாகப் படித்து, சரிபார்த்து, எல்லாம் சரியென்றால் மட்டுமே பழைய ஆப்ஜெக்ட்டின் இடத்தில் வையுங்கள். தவறு இருந்தால் பழையதோடே ஓடட்டும், லாகில் பிழை எழுதட்டும்.

வெப் சர்வீஸ் கூனிகார்ன் என்ற பைத்தான் வெப் சர்வர் மேல் ஓடுகிறதென்றால் இதையும் நீங்கள் எழுத வேண்டியதில்லை. மாஸ்டர் ப்ராசஸுக்கு சிக்ஹப் அனுப்பினால் புதிய வொர்க்கர்களைத் தொடங்கிவிட்டுப் பழையவற்றை வேலை முடித்து நிற்கவைக்கும். ப்ரீலோட் ஆப்ஷன் போட்டிருந்தால் மட்டும் உங்கள் ஆப் மறுபடி லோட் ஆகாது.

ஃபைல் மாறுவதை இனோடிஃபை (ஃபைல் மாற்றத்தை அறிவிக்கும் லினக்ஸ் வசதி) வழியாகக் கவனிக்க நினைத்தால், ஃபைலை விட்டுவிட்டு அது இருக்கும் ஃபோல்டரைக் கவனியுங்கள். பல எடிட்டர்கள் புதிய ஃபைலாக எழுதிப் பெயரை மாற்றி வைக்கின்றன. நீங்கள் கவனித்துக்கொண்டிருந்த பழைய ஃபைல் அப்போது இல்லாமல் போய்விடும். ஸ்கிரிப்ட்டால் கான்ஃபிக் எழுதும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள்: அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைலாக எழுதி, ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸ் ஃபங்ஷனால் இடம் மாற்றுங்கள். படிப்பவருக்குப் பாதி எழுதிய ஃபைல் ஒருபோதும் கிடைக்காது. குபர்நெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி) செட்டிங்ஸ் வைக்கும் கான்ஃபிக்மேப்பை, சப்பாத் ஆப்ஷன் கொண்டு தனி ஃபைலாக மவுன்ட் செய்திருந்தால், மேப் மாறினாலும் உள்ளே உள்ள ஃபைல் மாறாது.

---

நீர்மட்டம்

ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். நாற்பது மதிப்பும் நிஜமாவே வெளிய இருக்கணுமா? இடத்துக்கு இடம் மாறற மதிப்புகளும், கோடைத் தொடாம ஆபரேஷன்ஸ் ஆளுங்க மாத்த வேண்டிய மதிப்புகளும் மட்டும்தான் கான்ஃபிக். ரிப்போர்ட் தலைப்பு, டேபிள் பெயர், எத்தனை தசம இடத்துக்குச் சுருக்கணும்கறது எல்லாம் கோடிலேயே மாறிலியா இருக்கட்டும். வெளிய போற ஒவ்வொரு கீக்கும் சரிபார்ப்பு, ஆவணம், டெஸ்ட் வேணும். பேருக்கு வெளிய வெச்சு யாருமே மாத்தாத கீ வெறும் சுமை.

அதோட, கோடுக்குள்ள "ப்ரொடக்‌ஷனா இருந்தா இப்படி"-ன்னு இஃப் எழுதாதீங்க. நாளைக்கு ஸ்டேஜிங்னு மூணாவது இடம் வந்தா எல்லா இஃப்பையும் தேடிப் போகணும். மெயில்_அனுப்பு, கேஷ்_பயன்படுத்து மாதிரி ஒவ்வொரு நடத்தைக்கும் தனிக் கீ வெச்சிடுங்க. எந்த இடம்ங்கறது ஃபைலுக்குத் தெரிஞ்சா போதும், கோடுக்குத் தெரிய வேண்டாம்.

பைடான்டிக்கும் கட்டாயமில்ல. பத்துப் பதினைஞ்சு கீன்னா ஃப்ரோசன் (உருவான பிறகு மாத்த முடியாத) டேட்டாகிளாஸே போதும். டிக்‌ஷனரியை விரிச்சு டேட்டாகிளாஸுக்குக் கொடுத்தா, தெரியாத கீ வந்தவுடனே டைப்எரர் தானா வரும். ஆனா டேட்டாகிளாஸ் டைப்பைச் சரிபார்க்காது. இன்ட்-னு எழுதியிருந்தாலும் ஸ்ட்ரிங்கைப் பேசாம வாங்கிக்கும். போஸ்ட்_இனிட்டில் (ஆப்ஜெக்ட் உருவானதும் ஓடற மெத்தட்) நீங்களே பார்க்கணும்: போர்ட் 1-லிருந்து 65535-க்குள்ள இருக்கா, டைம்அவுட் 0-வை விடப் பெருசா, கொடுத்த ஃபோல்டர் இருக்கான்னு. முதல் தப்பிலேயே நிக்காம எல்லாத்தையும் சேர்த்து ஒரே செய்தியா சொல்லுங்க. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு டிப்ளாய்ங்கறது கொடுமை.

---

ஒளியாண்டு

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை. கான்ஃபிக் தவறால் நிற்கும்போது வெளியேறும் எண்ணை 78 ஆக்குங்கள். யூனிக்ஸில் கான்ஃபிக் பிழைக்கான மரபான எண் அது, பைத்தானில் ஓஎஸ் மாட்யூலில் ஈஎக்ஸ்_கான்ஃபிக் என்ற பெயரில் இருக்கிறது. சிஸ்டம்டி யூனிட்டில் ரீஸ்டார்ட்ப்ரிவென்ட்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=78 என்று எழுதிவிட்டால், தவறான ஃபைலோடு திரும்பத் திரும்பத் தொடங்கி லாகை நிரப்பாது. செக்-கான்ஃபிக் என்று ஒரு கமாண்டும் வையுங்கள்: படிக்கும், சரிபார்க்கும், ஒவ்வொரு மதிப்பும் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அச்சிடும், நிற்கும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் டி ஆப்ஷன் செய்யும் வேலைதான். டிப்ளாய் ஸ்கிரிப்ட்டில் ரீஸ்டார்ட்டுக்கு முந்தைய வரியாக அதை ஓட்டினால், தவறான ஃபைல் ஓடும் சர்வீஸைத் தொடவே தொடாது.

---

செம்பருத்தி

கீகள் பதினேழாகக் குறைந்துவிட்டன. மற்றவை கோடுக்குத் திரும்பிவிட்டன. சர்வரில் எல்லாம் ஓடுகிறது. ஒரு விண்டோஸ் மெஷினில் மட்டும் டோம்ல் ஃபைல் "முதல் வரி, முதல் எழுத்தில் தவறு" என்று நிற்கிறது. எடிட்டரில் பார்த்தால் அந்த வரி சரியாகவே இருக்கிறது. இன்னொரு மெஷினில் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரைக் குறிக்கும் பாதையில் பிழை.

---

நீர்மட்டம்

முதல் மெஷின்ல அந்த ஃபைல் பிஓஎம்-மோட சேவ் ஆகியிருக்கு. ஃபைலோட தலையில் கண்ணுக்குத் தெரியாத மூணு பைட், அதை டோம்ல்லிப் ஏத்துக்காது. எடிட்டரில் "பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8"-ன்னு தேர்ந்தெடுத்துச் சேவ் பண்ணுங்க. எல்லா மெஷினுக்கும் சேர்த்துச் சரிசெய்யணும்னா, லோடரில் பைட்டாப் படிச்சு, யுடிஎஃப்-8-சிக் என்கோடிங்கில் டீகோட் பண்ணி, லோட்ஸ் ஃபங்ஷனுக்குக் கொடுங்க. பிஓஎம் இருந்தாலும் இல்லாட்டியும் ஓடும்.

ரெண்டாவது, பின்சாய்கோடு. டோம்லில் இரட்டை மேற்கோளுக்குள்ள பின்சாய்கோடு எஸ்கேப் எழுத்து. யூசர்ஸோட முதல் எழுத்து பெரிய யூ. பின்சாய்கோட்டுக்கு அடுத்து அது வந்தா எட்டு இலக்க யூனிகோட் எண்ணை எதிர்பார்க்கும், அது இல்லாததால் பிழை. பிழை வந்தது நல்லதுதான். ஆங்கிலச் சின்ன 'என்' எழுத்தில் தொடங்கற ஃபோல்டரா இருந்தா சத்தமில்லாம நியூலைன் ஆயிருக்கும், சின்ன 'டி'-ல தொடங்கினா டேப். பாதையை ஒற்றை மேற்கோளுக்குள்ள எழுதுங்க, அங்க எஸ்கேப்பே கிடையாது. இல்லாட்டி முன்சாய்கோடே போடுங்க, பாத்லிப் விண்டோஸிலும் அதை ஏத்துக்கும்.